முன்னால் போனவள்

வனக்காவல் கேட்டருகே வண்டியை நிறுத்தியபோது மதிய வெயில் பளிச்சென்றுதான் இருந்தது.

பெரியவள் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். இதய ஆபரேஷன் முடிந்து தேறியவர்களை ஞாயிற்றுக்கிழமை ஒரு நடைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். காட்டு நிழலில் கொஞ்ச தூரம், பிறகு கடலோரமாக மணலில், கடைசியில் பாலத்தருகே வேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூச்சு வாங்குகிறவர்களை வழி பார்க்காமல் அழைத்துப்போக முடியுமா? எங்கே மேடு, எங்கே உட்கார இடம் என்று பார்த்துவிட்டு வரக் கிளம்பியவள், கொழுந்தன் மனைவியையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அந்தச் சின்னவளுக்கு வாய் ஓயாது. திருப்பங்களில் மரத்தில் கட்டுவதற்குச் சிவப்பு ரிப்பன் சுருள் ஒன்று வாங்கி வந்திருந்தாள். யாராவது வழி தவறினால் மாமியார் தன்னைத்தான் பிடித்துக்கொள்வார் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கேட்டில் இருந்த காவலர் தன் போன் நம்பரைக் கொடுத்தார். பாதை நல்ல பாதைதான், கடல் வலது கைப்பக்கம், அலைச் சத்தத்தை வைத்தே போய்விடலாம் என்றார்.

உள்ளே சவுக்கு மரங்கள் நெருக்கியடித்து நின்றன. கீழே உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தை போலக் கிடந்ததால் காலடிச் சத்தமே எழவில்லை. விழுந்து கிடந்த ஒரு மரத்தடியில் ஆட்களை உட்கார வைக்கலாமா என்று பெரியவள் குனிந்து தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது, சின்னவள் அடுத்த திருப்பத்தைத் தாண்டிப் போவது தெரிந்தது. முதுகு மட்டும். திருப்பத்து மரத்தில் ரிப்பன் கட்டியிருந்தது.

கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

“அக்கா, இந்தப் பக்கம்.”

குரல் முன்னாலிருந்து வந்தது. அடுத்த மரத்திலும் ரிப்பன். அதற்கடுத்ததிலும். பாசி அழுகிய நாற்றம் மூக்கில் ஏறியது. இவ்வளவு உள்ளே ஏது பாசி? கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தியபோதுதான் இன்னொன்று உறைத்தது.

அலைச் சத்தம் இடது பக்கம் கேட்டது.

பக்கத்து மரத்து ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

“அக்கா, இந்தப் பக்கம்.”

“அக்கா, எங்க போறீங்க?”

இரண்டாவது குரல் பின்னாலிருந்து.

திரும்பினாள். சின்னவள் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். ஷூவுக்குள் போன கல்லை எடுப்பதற்குள் அக்கா கிளம்பிவிட்டதாகவும், கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே இல்லை என்றும் திக்கித் திக்கிச் சொன்னாள். அவள் கையில் ரிப்பன் சுருள் இருந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை.

பெரியவள் மெல்ல முன்பக்கம் பார்த்தாள். அடுத்த எட்டில் தரை இல்லை. புதருக்கு அப்பால் செங்குத்தான சரிவு. அடியில் பாறைகள். அலை ஆளுயரத்துக்கு எழும்பி மோதி நுரையாக உடைவது கண்ணுக்குத் தெரிந்தது.

சத்தம் மட்டும் வரவில்லை.

“அக்கா,” சின்னவளின் உதடு மட்டும்தான் அசைந்தது. “உங்களுக்கு முன்னாடி போனது யாரு?”

கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள்.

அன்றே பெரியவள் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, கடல் சரியில்லை, நடை ரத்து என்று சொன்னாள். எல்லோரும் சரி என்றார்கள். வார்டில் ‘எஞ்சின் சார்’ என்று பேர் வாங்கிய ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் மட்டும், பழைய எஞ்சினை ஷெட்டிலேயே போட்டுவிடாதீர்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஞாயிறு காலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன்.

“கொஞ்சம் மெதுவா போங்கம்மா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறீங்க, அதான் போன் போட்டேன்.”

“சார், எங்க இருக்கீங்க?”

“உங்க பின்னாடிதான். காலையில நீங்கதானே போன் பண்ணி வரச் சொன்னீங்க?”

“சார், அப்படியே கீழ உட்காருங்க. ஒரு அடிகூட எடுத்து வைக்காதீங்க.”

மாதக்கணக்கில் அவள் சொன்னால் நின்று, சொன்னால் உட்கார்ந்து பழகிய மனிதர். தரையில் தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய இரைப்பு. அதற்கும் அப்பால், கொஞ்சம் தள்ளி, அவளுடைய குரல்.

“சார், இந்தப் பக்கம்.”

சின்னவளைக் கூவி அழைத்து, அவள் போனிலிருந்து காவலரைக் கூப்பிட்டாள். எஞ்சின் சாரைத் தன் போனில் விடாமல் பேச வைத்துக்கொண்டே இருந்தாள். எந்த ரயிலில் வேலைக்குச் சேர்ந்தார், முதல் நாள் யார் கூட இருந்தார்கள் என்று ஏதேதோ கேட்டாள். நடுவில் அந்தக் குரல் கேட்டபோதெல்லாம் அதைவிடச் சத்தமாகப் பேசினாள்.

ஒருவழியாக ஜீப் சத்தம் கேட்டது. போனைக் காவலர் வாங்கிக்கொண்டார்.

“பயப்படாதீங்கம்மா, பெரியவர் நல்லாதான் இருக்காரு. வண்டியில ஏத்திட்டேன்.”

அவள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

“அவர்கூட வந்த அம்மாதான் ஏற மாட்டேங்கறாங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்,” என்றார் காவலர். “அடுத்து யாராவது வருவாங்களாம். இருந்து கூட்டிட்டுப் போறாங்களாம்.”