பதில் சொன்னது யாரு?

"கரையே இல்லாத கடல் எது?" என்று கருணாகரன் கேட்டது காதில் விழுந்து முடிவதற்குள் யாரோ பதில் சொல்லிவிட்டார்கள்.

"சர்காசோ."

சரியான பதில். சுற்றிலும் நீரோட்டங்களையே எல்லையாகக் கொண்ட அந்தக் கடலைப் பற்றி இஷ்ரத் எப்போதோ படித்திருந்தாள். பெயர்தான் நாக்கு நுனி வரை வந்து வழுக்கிப் போயிருந்தது. ஜூடி முந்திவிட்டாள் என்று நினைத்து, "கலக்கிட்டே ஜூடி" என்றாள்.

"நான் எங்கடி சொன்னேன்? நீதானே சொன்னே?"

"சத்தியமா நான் இல்ல."

"ரெண்டு பேரும் என்னைக் கலாய்க்கிறீங்களா?" என்றான் கருணாகரன். "கூகுள்ல தேடிட்டு நான் இல்ல, நான் இல்லன்னா இன்னா அர்த்தம்? ரூல்ஸ் தெரியுமில்ல?"

மூவரும் சிரித்தார்கள். கல்லூரியில் அவர்கள் ஒரே வினாடி வினா அணி. இப்போது கருணாகரன் எண்ணூர்ப் பக்கம் ஒரு துறைமுக யார்டில் கிரேன் ஓட்டுகிறான். ஜூடி திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறாள், வீடு காசிமேட்டில். இஷ்ரத் கல்யாணத்துக்குப் பிறகு கப்பல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ராயபுரத்தில் ஒரு மூன்றாவது மாடியில் அடைந்து கிடந்தாள். சனிக்கிழமை மாலை இந்தக் குரூப் காலில் ஒருவரை ஒருவர் மடக்கும் கேள்விகளுக்காகத்தான் அவளுக்கு அந்த வாரமே நகரும்.

அன்றைக்கு நல்ல மழை. அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு முடிந்த சற்று நேரத்தில் தெருவே இருண்டு கரண்ட் போயிருந்தது. கணவன் முபாஷிர் காட்டுப்பள்ளி கப்பல் தளத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். ஜன்னல் வழியே நனைந்த தார்ப்பாயும் டீசலும் ஈர வலையும் கலந்த வாடை உள்ளே வந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டது. கண்டெய்னர் லாரிகள் பிரேக்கை விடும் பெருமூச்சு, ரயில்வே யார்டில் பெட்டிகள் ஒன்றையொன்று இடிக்கும் ஓசை, அதற்கும் அப்பால் நங்கூரமிட்ட ஏதோ ஒரு கப்பலின் நீண்ட ஊதல் என்று எல்லாவற்றையும் மழை தன் இரைச்சலுக்குள் இழுத்துப் போட்டு மறுபடி வெளியே துப்பியது. சாப்பாட்டு மேசையில் போனை நிமிர்த்தி வைத்திருந்தாள். நெட் சரியில்லாததால் வீடியோ இல்லை. திரையில் மூன்று வட்டங்கள், மூன்று பெயர்கள். யார் பேசினாலும் அவர் வட்டம் ஒளிரும்.

"என் டர்ன்," என்றாள் இஷ்ரத். "பெரிய சுறாவோட உடம்புல மொத்தம் எத்தினி எலும்பு?"

"ஒண்ணுகூட இல்ல."

இதுவும் சரி. சுறாவுக்கு இருப்பது வெறும் குருத்தெலும்பு. ஆனால் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. குரல் ஆணா பெண்ணா என்று பிடிபடவில்லை. ரொம்ப நாள் பேசாமல் இருந்த ஒருவர் தொண்டையைச் செருமாமலே பேசியதுபோல் இருந்தது. அது பேசியபோது மூன்று வட்டங்களில் ஒன்றுகூட ஒளிரவில்லை என்பதையும் இஷ்ரத் கவனித்தாள்.

"எவனோ லிங்க்ல பூந்துகினான்," என்றான் கருணாகரன். மழைக்காக வேலை நின்றிருந்தது. அவன் இன்னும் உயரத்தில், கிரேன் கேபினுக்குள்தான் இருந்தான். அவன் பேச்சுக்குப் பின்னால் காற்று இரும்பை அறைவது கேட்டது. "இருங்க, நான் கேக்குறேன். டேய், நீ யாரா வேணா இரு. என் கேபின்ல சீட்டுக்குப் பின்னாடி இன்னா எழுதி வெச்சிகீறேன், சொல்லு பாக்கலாம்."

"சௌமியான்னு. அடிச்சிட்டு, கீழ மறுபடி சௌமியான்னு."

கருணாகரன் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

"கருணா?" என்றாள் ஜூடி. "கரெக்டா?"

"அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இந்தக் கேபினுக்குள்ள என்னைத் தவிர யாரும் ஏறுனதில்ல." பிறகு சட்டென்று, "நான் எறங்குறேன். நீங்களும் காலைக் கட் பண்ணுங்க" என்றான். கேபின் கதவு திறக்கும் சத்தம். இரும்பு ஏணியில் செருப்பு படும் சத்தம். போனைக் கேபினிலேயே விட்டுவிட்டான் போல, அப்புறம் வெறும் காற்று. அவன் வட்டம் மட்டும் திரையில் அப்படியே இருந்தது.

"கருணா, எறங்கிட்டியா?"

"இன்னும் இல்ல," என்றது அது.

இஷ்ரத் போனை நோக்கிக் குனிந்தாள். "ஜூடி, வெச்சிடு. மொதல்ல வெச்சிடு."

"ஒரு நிமிசம்டி."

ஜூடி என்ன கேட்கப்போகிறாள் என்று அவள் குரலிலேயே இஷ்ரத்துக்குப் புரிந்துவிட்டது. ஜூடியின் தம்பி ஆன்றோ படகில் போய்த் திரும்பி வராமல் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. படகு கிடைத்தது. எஞ்சினும் வலையும் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை. அம்மா இன்னும் அவனுக்கும் சேர்த்துச் சோறு வடிக்கிறாள் என்று ஜூடி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். இந்த மழையிலும் அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள், ஜூடி வீட்டில் தனியாக இருந்தாள்.

"கேக்காதே ஜூடி. அது இன்னான்னே தெரியல. கேக்காதே."

"எல்லாத்துக்கும் கரெக்டா சொல்லுதில்ல?" ஜூடி அழுதுகொண்டிருந்தாள். "எங்க ஆன்றோ எங்க கீறான்?"

அது உடனே சொல்லவில்லை. அதுவரை அது யோசித்ததே இல்லை. இப்போதும் யோசிக்கிற மாதிரி இல்லை, ருசிக்கிற மாதிரி இருந்தது.

"உங்க வாசல்ல. நீ கூப்புடுவேன்னு நின்னுகினு கீறான்."

நாற்காலி பின்னால் சாயும் ஓசை. ஓட்டம். தரையில் வெறுங்கால் அடிக்கும் சத்தம் போனை விட்டுத் தூரமாகப் போனது. இஷ்ரத் போனை இரண்டு கையாலும் தூக்கி வாயருகே வைத்துக் கத்தினாள். "தொறக்காதே! ஜூடி! தொறக்காதே!" தாழ்ப்பாள் உரசியது. கதவு திறந்ததும் காசிமேட்டு மழை முழுசாகப் போனுக்குள் இரைந்தது.

"வாடா," என்றாள் ஜூடி, எங்கோ தூரத்தில். அத்தனை சந்தோஷமாக. "உள்ள வா."

பிறகு கதவு சாத்தப்பட்டது. மழை இரைச்சல் குறைந்தது.

இஷ்ரத் காத்திருந்தாள். அலறல் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஈரப் பாதங்கள் நிதானமாகப் போனை நோக்கி வந்தன. அவற்றின் பக்கத்திலேயே எதையோ இழுத்துக்கொண்டு வருவதுபோல ஒரு உரசல். கீழே விழுந்திருந்த நாற்காலியை யாரோ எடுத்து நிறுத்தினார்கள். உட்கார்ந்தார்கள்.

"இஷ்ரத்து." ஜூடியின் குரல்தான். ஆனால் அழுத தடயமே அதில் இல்லை. தொண்டையைச் செருமாமல் பேசியது. "இப்ப நான் கேக்குறேன். உன் வூட்ல எத்தினி பேரு கீறீங்கோ?"

கேட்டால் பதில் சொல்வது அவள் இத்தனை வருஷப் பழக்கம். மேடையில் மணி அடித்ததும் பொத்தானில் கை போகும் வேகத்தில் வாய் திறந்துவிட்டது.

"நான் மட்டுந்தான்."

சொன்ன மாத்திரத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கால் அறுந்தது. வட்டங்கள் போயின. போனைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஒரு தலையணை உறையை மடித்துப் போட்டாள். இருட்டு. மழை. அவள் மூச்சு.

"தப்பு."

உள்ளறையிலிருந்து.

எழ முயன்றாள். முழங்கால் கேட்கவில்லை. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. திரைச்சீலை தொங்கியது. அதற்குப் பின்னால் கட்டிலின் பலகை முனகியது, யாரோ எழுந்தால் முனகுமே, அப்படி. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். தாடை அசைந்தது. தொண்டை அசைந்தது. சத்தம் வரவில்லை. கிசுகிசுப்புகூட வரவில்லை. குரல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அப்போது மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தம். கதவு தட்டப்பட்டது.

"இஷ்ரத்து, கதவத் தொற. தொப்பலா நனஞ்சிகினு வந்துகீறேன்."

முபாஷிர்! அவள் உயிர் அந்தக் கதவுக்கு ஓடியது. உடம்பு நாற்காலியிலேயே கிடந்தது.

"இதோ வந்துட்டேங்க," என்றாள் இஷ்ரத்.

அவள் சொல்லவில்லை. அவள் குரல் உள்ளறையிலிருந்து சொன்னது. கணவன் வந்ததும் அவளுக்கு வரும் அந்தச் சின்னக் குழைவோடு, அச்சு அசலாகச் சொன்னது.

திரைச்சீலை விலகியது. அவள் நைட்டியைப் போட்டுக்கொண்டு, அவள் உயரத்தில், அவள் நடையில் அது வந்தது. இருட்டில் முகம் தெரியவில்லை. மேசையைக் கடக்கும்போது அதன் துணி இஷ்ரத்தின் கையைத் தொட்டுக்கொண்டு போனது. துணி ஈரமாக இருந்தது. கதவின் தாழ்ப்பாளை அது தேடவில்லை. இருட்டிலும் சரியாகக் கை வைத்துத் திறந்தது.

"இன்னா இருட்டுல நிக்கிறே? மெழுகுவத்தி இல்லியா?" முபாஷிர் பையை நீட்டினான். அது வாங்கிக்கொண்டது. அவன் போனில் டார்ச்சைப் போட்டான். வெளிச்சம் தரையில் விழுந்து, மேசைக்காலில் ஏறி, இஷ்ரத்தின் மடியில் வந்து நின்றது.

அவன் அசையாமல் நின்றான்.

*என்னங்க*, என்று அவள் வாய் அசைந்தது. *நான்தாங்க.*

வெளிச்சம் மெதுவாக ஏறியது. அவள் கழுத்துக்கு. முகத்துக்கு. அவள் கண் கூசியது. அந்தக் கூச்சத்தின் நடுவே, அவள் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பார்த்திராத பயத்தை முபாஷிரின் முகத்தில் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனான். கை தானாக நீண்டு, பக்கத்தில் நின்றதைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டது.

"யா அல்லாஹ்... இஷ்ரத்து, யாரு இது? வூட்டுக்குள்ள யாரு இது?"

அவன் தோளுக்கு மேலே ஒரு முகவாய் மெல்ல வந்து பதிந்தது. அவன் காதோடு காதாக, அவள் குரலில், பயந்துபோனவள்போல அது சொன்னது.

"தெரியலியேங்க."