வாரன் டெய்ஷரின் நான்கு பொற்காசுகள்

வெராவின் அப்பா வாரன் டெய்ஷர் இருபது வருடங்களில் நான்கே நான்கு காசுகள்தான் சேர்த்தார்.

ஆனால் நான்கும் தங்கம். அமெரிக்கா புதிய நாடாகத் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்தவை. ஒவ்வொன்றுக்கும் இருநூறு வயதுக்கு மேல். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர் அப்படி ஒரு காசு வாங்க வேண்டுமென்றால், ஐந்து வருடம் புது பூட்ஸ் வாங்காமல் இருக்க வேண்டும். அப்படியும் நல்ல காசு கிடைக்காது. அடிபட்ட காசுதான் கிடைக்கும்.

முதல் காசில் யாரோ கத்தியால் கீறியிருந்தார்கள். இரண்டாவது ஒரு காலத்தில் சட்டையில் அலங்காரமாகக் குத்தும் ஊசியாக இருந்தது. பின்பக்கம் ஈயம் ஒட்டிய தடம் தெரியும். மூன்றாவதன் விளிம்பு நசுங்கியிருந்தது. நான்காவது மிகச் சிறியது. 1807ஆம் வருடத்துக் காசு. அதில் பொறித்திருந்த பெண்ணின் தொப்பிக்கு மேலே ஒரு துளை.

"கீறலே இல்லாத காசெல்லாம் பொறந்ததுலேருந்து பெட்டிக்குள்ளயே கெடந்தது," என்பார் அப்பா. "இதுங்கதான் ஊர் சுத்தியிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பாவும் வெராவும் சமையலறை மேசையில் காசுகளைப் பரப்பிவைத்து, பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்ப்பார்கள். தொப்பிக்காரப் பெண்மணி மில்ட்ரெட் அத்தையைப்போல இருக்கிறாள் என்று அப்பா சொல்வார். மில்ட்ரெட் அத்தைக்கு இது தெரியாது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பணிமனையில் ஒரு பேருந்துக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, அப்பாவின் இதயம் நின்றுவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. அம்மா அழவும் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களைக் கழுவி, துடைத்து, அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் பள்ளிச் சமையல்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். வெரா எதையாவது சொல்லத் தொடங்கினால், "பல் தேச்சியா?" என்று கேட்பார்.

ஜனவரியில் வீட்டின் ஹீட்டர் நின்றுபோனது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்திலேயே உறைபனி படிந்தது. இருவரும் மேல்கோட்டு போட்டுக்கொண்டு காலை உணவு சாப்பிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை தீயணைப்பு நிலையத்துல காசுக் கண்காட்சி," என்றார் அம்மா. "காசு வியாபாரி கிளிங்கர் வருவாரு. கொண்டுபோய்க் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"எதை?"

"அப்பாவோட காசுங்களை."

வெரா ஓட்ஸ் கஞ்சியைக் கிளறினாள். "நாலையுமா?"

"நாலையும்தான். வசந்தம் வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும், வெரா. ஹீட்டர் செத்துப் போச்சு."

செத்து என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டார். எழுந்து போய்ச் சுத்தமாக இருந்த அடுப்பையே மறுபடியும் துடைத்தார்.

சனிக்கிழமை பிற்பகல், அம்மா நிலவறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். வெரா அலமாரியைத் திறந்து, அப்பாவின் தகரப் பெட்டியை எடுத்தாள். ஒவ்வொரு காசும் ஒரு சின்னக் காகித உறைக்குள் இருந்தது. உறையின் மேல் அப்பாவின் கோணல் எழுத்து.

நான்காவது உறையில் இப்படி எழுதியிருந்தது: "இரண்டரை டாலர், 1807. துளை உள்ளது. யாரோ ஆசையாக அணிந்திருக்கிறார்கள். வா. டெ."

வெரா அந்தக் காசை எடுத்துக்கொண்டாள். உறை மெலிந்து தெரியக்கூடாது அல்லவா? தன் உண்டியலிலிருந்து ஒரு ஐந்து சென்ட் காசை எடுத்து உள்ளே போட்டாள். அது ஏறக்குறைய அதே அளவு. பெட்டியை மூடி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் அந்தத் தங்கக் காசு வெராவின் இடது காலுறைக்குள், பூட்ஸுக்குள், அவளோடு கண்காட்சிக்கு வந்தது. வீட்டில் வைத்துவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை.

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, கூடம் முழுக்க நீள மேசைகள் போட்டிருந்தார்கள். மூலையில் தீயணைப்பு வீரர்களின் மனைவிமார் கோழியும் சோளமும் போட்ட சூப் விற்றார்கள். அந்த வாசனையும் அப்பாவோடு இங்கே வந்த நாட்களைச் சேர்ந்ததுதான். வெரா மூக்கைக் கம்பளிக் கழுத்துத்துணிக்குள் புதைத்துக்கொண்டாள்.

கிளிங்கர் கடைசி மேசையில் இருந்தார். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க, லோயிஸ். வாரன் இல்லாம இந்த மேசை வெறிச்சுன்னு இருக்கு. ஒரு தடவை ஒரே காசை மூணு மணி நேரம் பார்த்தாரு, தெரியுமா? கடைசியில அதை விக்க எனக்கே மனசு வரலை."

அம்மா லேசாகத் தலையசைத்துவிட்டுத் தகரப் பெட்டியை முன்னால் வைத்தார். "இதையெல்லாம் எடுத்துக்கறீங்களான்னு பாருங்க."

கிளிங்கர் மேசையில் ஒரு பச்சைத் துணியை விரித்தார். முதல் உறையைச் சாய்த்தார். கீறல் காசு வந்தது. இரண்டாவதிலிருந்து சட்டை ஊசிக் காசு. மூன்றாவதிலிருந்து நசுங்கிய காசு. ஒவ்வொன்றையும் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பி, "ம்," என்றார்.

நான்காவது உறையைச் சாய்த்தார். வெள்ளையாக ஏதோ விழுந்து, பச்சைத் துணியில் உருண்டு, மேசை விளிம்பு வரை போய்ப் படுத்தது.

ஐந்து சென்ட்.

கிளிங்கர் நெற்றிக் கண்ணாடியையும் மூக்குக்கு இறக்கினார். உறையைப் படித்தார். காசைப் பார்த்தார். மறுபடியும் உறையைப் படித்தார்.

"இது என்ன?" என்றார் அம்மா.

"இது... இது 1807 இல்லை, லோயிஸ்."

பக்கத்து மேசையில் சிவப்பு டை கட்டிய வியாபாரி ஒருவர் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் சகஜம்மா," என்றார் அவர். "வீட்டுக்காரர் அவசரத்துக்கு வித்திருப்பாரு. பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாதுன்னு வேற எதையாவது உள்ள போட்டு வெப்பாங்க. நான் நெறைய பார்த்திருக்கேன்."

"வாரன் அப்படிப்பட்ட ஆளில்லை," என்றார் கிளிங்கர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அம்மா மடக்கு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"போன கோடையில வண்டியில கியர்பெட்டி மாத்தினாரு," என்றார் மெதுவாக. "பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன். சிரிச்சாரே தவிர பதில் சொல்லலை." ஐந்து சென்ட் காசை விரலால் தொட்டார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?"

அடக்கத்தன்று அழாத அம்மா, அத்தனை பேர் நடுவில், கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இடது குதிகாலின் கீழே அந்தக் காசு நெருப்பாகச் சுடுவதுபோல இருந்தது வெராவுக்கு. இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் காசு அவளுடையது. யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பா ஏமாற்றினார் என்று அம்மா வாழ்நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பார். பதில் சொல்ல அப்பா இங்கே இல்லை.

வெரா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். பூட்ஸின் நாடாவை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் வெகுநேரம் ஆனது.

"என்னடி பண்ற?" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்தபடி.

பூட்ஸ் கழன்றது. காலுறையைச் சுருட்டிக் கழற்றினாள். குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்த காசை உரித்தெடுத்தாள். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம் இருந்தது.

"அப்பா விக்கலை," என்றாள். "நான்தான் எடுத்தேன். அந்த அஞ்சு சென்ட் என்னோட உண்டியல் காசு."

காசை உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"கியர்பெட்டிக்கும் அப்பா எதையும் விக்கலைம்மா. சனிக்கிழமை சனிக்கிழமை பண்ணைக்காரங்க டிராக்டரெல்லாம் ரிப்பேர் பண்ணாரு. நான்தான் டார்ச் புடிச்சேன். நீ ஓய்வெடுக்கச் சொல்லித் திட்டுவேன்னு சொல்ல வேணாம்னாரு."

சிவப்பு டைக்காரர் தன் மேசையில் ஏற்கெனவே அடுக்கியிருந்த காசுகளை மும்முரமாக அடுக்கத் தொடங்கினார்.

அம்மா குனிந்து வெராவின் வெறும் காலைப் பார்த்தார். "எவ்ளோ நேரமா இதை மிதிச்சிட்டு நடக்கற?"

"காலையிலேருந்து."

"வலிக்கலையா?"

"வலிச்சுது."

அம்மா அவளைத் தரையிலிருந்து தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அந்த மடி போதவில்லை. கால்கள் தரையில் இழுபட்டன. இருவரும் அப்படியே அழுதார்கள். கிளிங்கர் எங்கோ போய் இரண்டு கிண்ணம் சூப்போடு திரும்பிவந்து, சத்தமில்லாமல் வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னார்: "அந்த ஒண்ணை நீ வெச்சுக்கோ. மீதி மூணு போதும். எப்படியாவது சமாளிக்கலாம்."

வெரா உள்ளங்கையில் காசைப் பார்த்தாள். சமாளிக்கலாம் என்று அம்மா சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு தூங்குவது. அம்மா மாலையில் இன்னொரு வேலை தேடுவது. குளிரில் வெடித்த அம்மாவின் விரல்கள் அவள் கண்ணுக்கு நேராக இருந்தன.

அவள் கிளிங்கரிடம் கேட்டாள்: "இதை வாங்கினவங்க இந்த உறையை என்ன பண்ணுவாங்க?"

"சில பேர் தூக்கிப் போட்டுடுவாங்க. வெவரம் தெரிஞ்சவங்க பத்திரமா வெப்பாங்க. ஒரு காசு யார் யார் கையில இருந்துச்சுங்கறதும் அந்தக் காசோட கதைதான்."

"இதுக்கு முன்னாடி யார் வெச்சிருந்தாங்க?"

"எனக்குத் தெரியாது. அவங்க யாரும் எழுதி வெக்கலை."

வெரா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அப்பா பேரை முழுசா எழுதணும். வா. டெ.ன்னு போட்டா யாருக்குப் புரியும்? உறையும் காசுகூடவே போகணும். நாலும் ஒரே ஆள்கிட்ட போனா நல்லது."

"நாலும் சேர்ந்து போகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது, கண்ணு," என்றார் கிளிங்கர். "வாங்க வர்றவங்க ஒண்ணு ஒண்ணாத்தான் கேப்பாங்க. ஆனா உறை இல்லாம ஒரு காசுகூட இந்த மேசையை விட்டுப் போகாது. அது என் பொறுப்பு."

அவர் மை பேனாவைக் கொடுத்தார். வெரா நான்கு உறைகளிலும் அப்பாவின் எழுத்துக்குக் கீழே, நிதானமாக எழுதினாள்: "வாரன் டெய்ஷர், பேருந்து மெக்கானிக், பென்சில்வேனியா." நான்காவது உறையில் மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதினாள்: "இந்தப் பெண் மில்ட்ரெட் அத்தைபோல இருக்கிறாள் என்று சொன்னவர்."

அதைப் படித்த கிளிங்கருக்குச் சிரிப்பு வந்தது. உடனே மூக்கை உறிஞ்சினார்.

வெரா காசை உறைக்குள் போட்டாள். போடும்முன் ஒரு தடவை துளை வழியாகக் கூடத்து விளக்கைப் பார்த்துக்கொண்டாள். பிறகு உறையைக் கிளிங்கரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். வெளியே இருந்தால் அந்தக் கை மறுபடியும் நீண்டுவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் வயல்கள் பனியில் மூடிக் கிடந்தன. ஹீட்டருக்கான பணம் அம்மாவின் கைப்பையில் இருந்தது. தகரப் பெட்டி காலியாக வெராவின் மடியில் இருந்தது.

"உங்க அப்பாவை ரெண்டாவது தடவை பார்த்தப்போ," என்றார் அம்மா திடீரென்று, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சட்டைப் பையிலேருந்து ஒரு சின்ன உறையை எடுத்தாரு. அடடா, அதுக்குள்ள மோதிரமான்னு எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. பார்த்தா கீறல் விழுந்த காசு."

வெரா அம்மா பக்கம் திரும்பினாள். மூன்று மாதங்களுக்குப் பிறகு அம்மா இப்போதுதான் தானாக அப்பாவின் கதையைச் சொல்கிறார். "அப்புறம்?"

"அரை மணி நேரம் அதைப் பத்தியே சொன்னாரு. நானும் கேட்டுட்டே இருந்தேன். அதுக்கப்புறம் கல்யாணம், வேலை, வீடு. கேக்கறதை எப்பவோ விட்டுட்டேன்." அம்மா கையுறையால் கன்னத்தைத் துடைத்தார். "நீதான் விடாம கேட்டிருக்க. அதுல யார் கீறினாங்கன்னு உனக்குச் சொன்னாரா?"

"சொன்னாரும்மா. ஒவ்வொரு வாரமும் வேற வேற கதை."

"எல்லாத்தையும் சொல்லு."

வெரா சொல்லத் தொடங்கினாள். ஒரு கதையில் மாலுமி கீறினான். ஒரு கதையில் தங்கம்தானா என்று பார்க்க ஒரு கடைக்காரர் கீறினார். ஒரு கதையில் ஒரு காக்கைகூட வந்தது. அம்மா இரண்டு இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் அவர் இன்ஜினை அணைக்கவில்லை. வண்டிக்குள் கதகதப்பாக இருந்தது. வெரா இன்னும் முதல் காசையே முடிக்கவில்லை.