தாங்குநர் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் நடக்கும் குழந்தைகள் ஓட்டத்துக்கு வரும் தன்னார்வலர்கள் முதல் வேலையாக நல்ல நாற்காலியைத் தேடிப் பிடிப்பார்கள். கைப்பிடி இருக்க வேண்டும், சாய்ந்துகொள்ள முதுகு இருக்க வேண்டும். ஓடப்போவது குழந்தைகள்தான். மூச்சு வாங்கப்போவது இவர்கள்.

அயர்வு மாற்றி வந்தபிறகு கோயம்புத்தூரில் எல்லாமே இப்படித்தான். இரண்டு மணிக்கட்டுப் பட்டைகள். ஒன்றைக் கட்டியவரின் களைப்பு, மற்றதைக் கட்டியவருக்குப் போய்விடும். உடம்பு செய்யும் வேலை குறைவதில்லை. அந்த உணர்வு மட்டும் இடம் மாறும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், கல்யாண மேடையில் நிற்கும் மணமக்களுக்கும் யாராவது ஒருவர் ஓரமாக உட்கார்ந்து தாங்கினார்கள். குளக்கரை ஓட்டத்தில் அந்த வேலைக்குத் தாங்குநர் என்று பெயர்.

தாங்குநரின் கையில் ‘போதும்’ என்று எழுதிய பொத்தான் ஒன்று இருக்கும். தாங்க முடியாமல் போகும்போது அமுக்கினால் குழந்தையின் பட்டை அதிரும். உடனே குழந்தை ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். தன் களைப்பே தெரியாமல் ஓடும் பிள்ளைக்கு அந்தப் பொத்தான்தான் காவல்.

ஓட்டத்தை நடத்தும் மகிழன் இன்னொரு விதியும் வைத்திருந்தான். பெற்றவர்கள் சொந்தப் பிள்ளைக்குத் தாங்கக் கூடாது. அடுத்தவர் பிள்ளைக்குத் தாங்குகிறவர்கள் மூச்சு முட்டியதும் பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். பெற்றவர்களோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இது போட்டி இல்லை என்று அவன் வாராவாரம் ஒலிபெருக்கியில் சொல்வான். எல்லோரும் தலையாட்டிவிட்டு, யார் பிள்ளை முதலில் வருகிறது என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அன்று அவன் மகள் பவளாவுக்குத் தாங்க வேண்டிய பூர்ணிமா டீச்சருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து, நீலச் சீருடையைக்கூட மாற்றாமல் மகளின் ஓட்டத்தைப் பார்க்க வந்திருந்தாள் அவன் மனைவி ஓவியா.

“இன்னைக்கு ஒரு நாள் நானே தாங்கிக்கறேனுங்க.”

“ஓவி, நான் போட்ட ரூலை நானே மீறினா வளைவுல நிக்கற சபரீஷ் என்னை வருசம் பூரா ஓட்டுவான்.”

“ஓட்டட்டும். புள்ளை மூஞ்சியப் பாருங்க.”

பவளா ஷூ லேசைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். “அப்பா, அம்மா நர்ஸுப்பா. அவங்களுக்கு எல்லாம் தெரியும். ப்ளீஸ்ப்பா.”

“தூங்கினியா?” என்று மனைவியைக் கேட்டான்.

“ம்,” என்றாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

விசில் ஒலித்தது. பிள்ளைகள் சிட்டாகப் பறந்தார்கள். சிறிது நேரத்தில் நாற்காலி வரிசை புஸ் புஸ் என்று இரைக்கத் தொடங்கியது. “ஏனுங்க, உங்க பையன் மேட்டுல இப்படியா ஏறுவான்? எனக்கு உசுரே போகுதுங்க!” என்று ஒருவர் நெஞ்சைப் பிடித்தபடி பொத்தானை அமுக்கினார். அந்தப் பையனின் அம்மா முகத்தைச் சுளித்தாள். இங்கும் அங்கும் பொத்தான்கள் அமுங்க, குளத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நடைக்கு மாறினார்கள்.

ஓவியா மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலையே. பட்டை வேலை செய்யுதா?”

மகிழன் குனிந்து பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது. பட்டை நன்றாகத்தான் வேலை செய்தது.

காதுக்கருவியில் சபரீஷின் குரல் வந்தது. “அண்ணா, நம்ம பவளா முன்னாடி போறா. ஆனா பார்க்கவே ஒரு மாதிரி இருக்குதுண்ணா. மூஞ்சி ரத்தமா செவந்திருக்கு, காலு பின்னுது. சிரிச்சுக்கிட்டே ஓடறா. நில்லுன்னா நிக்க மாட்டேங்கறா, அம்மா இன்னும் அமுக்கலைங்கறா.”

“ஓவி, அமுக்கு.”

“எதுக்கு? எனக்கு வலியே இல்லையே. முதல் தடவையா முன்னாடி வர்றா. இன்னும் ஒரு வளைவுதான்.”

அவள் கண்களைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தக் கண்கள் தூங்கியவை அல்ல. குழந்தையின் களைப்பு அவளுக்கு ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருக்கிறது. அவளிடம் ஏற்கெனவே இருந்த களைப்பில் அது குளத்தில் ஊற்றிய ஒரு குவளைத் தண்ணீர்போல் கரைந்துவிட்டது.

மேசையில் மீட்பு விசை இருந்தது. குழந்தையின் களைப்பை அவசரத்துக்குக் குழந்தைக்கே திருப்பி அனுப்புவது அது. மகிழன் அதை அமுக்கினான். தாங்குநரிடம் இருப்பதில் எது யாருடையது என்று பிரிக்க அந்த இயந்திரத்துக்குத் தெரியாது என்பது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

குளத்தின் மறுகரையில் பவளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓவியா எழுந்து ஓடினாள். சீருடையோடு, செருப்பை உதறிவிட்டு, மேட்டில் ஏறி ஓடினாள். மூச்சு வாங்கவில்லை. முழங்கால் வலிக்கவில்லை. பாதி வழியில், காற்று முகத்தில் அடித்தபோது, எதற்காக ஓடுகிறோம் என்பதே ஒரு கணம் அவளுக்கு மறந்துபோனது. நினைவு வந்ததும் வெட்கமாக இருந்தது.

பின்னாலேயே மகிழன் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தான். பவளா சபரீஷின் தோளில் சாய்ந்திருந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நாடி மெல்ல நிதானத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“அப்பா,” என்றாள் பவளா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “அம்மாவுக்குக் கண்ணு எரியுதுப்பா. இடுப்பு விட்டுப்போச்சு. காலு ரெண்டும் கல்லாட்ட இருக்குது. இத்தனையும் வெச்சுக்கிட்டா வந்து எனக்குத் தோசை ஊத்தறாங்க?”

வீட்டில் அந்தத் தோசையைச் சாப்பிடுகிறவர்களில் மகிழனும் ஒருவன்.

“என்னோடதை எனக்கே குடுத்துருங்க,” என்று ஓவியா அவன் கையைப் பிடித்தாள். “சீக்கிரம்.”

“வேண்டாம்மா, கொஞ்ச நேரம் இருக்கட்டும்,” என்று பவளா பட்டையை மறுகையால் மூடிக்கொண்டாள். அதைக் கழற்றி அம்மாவின் களைப்பைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அந்த வாரம் விதிகள் மாறின. தூங்காமல் வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. வீட்டில் தோசை ஊற்றும் வேலை மகிழனிடம் வந்தது. இவை சுலபமாக முடிந்தன. முடியாதது பிள்ளைகளின் கோரிக்கை. பவளா சொன்னது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியிருந்தது. எங்களுக்கும் அம்மாவுடைய களைப்பு வேண்டும், அப்பாவுடையது வேண்டும் என்று எல்லா வீட்டிலும் நச்சரிப்பு. பெரியவர்கள் கூடிப் பேசி, பிள்ளைகளின் ஓட்டம் முடிந்ததும் பெரியவர்களுக்கு ஒரே ஒரு சுற்று, போதும் பொத்தானோடு என்று ஒத்துக்கொண்டார்கள். சொந்தப் பிள்ளைக்குச் சொந்தப் பெற்றோர் கூடாது என்ற விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அடுத்தவர் அம்மாவின் களைப்பைக் கேட்டு எந்தப் பிள்ளையும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு நாற்காலிகளில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் ஓடினார்கள். தொப்பை வைத்த அப்பாக்கள் ஒருவரை ஒருவர் முந்தினார்கள். ஓவியா தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போனாள். முதல் சுற்று முடிந்ததும் நிற்காமல் சிரித்தபடி அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள்.

மகிழன் மகளிடம் குனிந்தான். பவளாவின் உதடு வெளுத்திருந்தது. விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன.

“போதும் கண்ணு. பொத்தானை அமுக்கு.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா,” என்றாள் அவள். அம்மாவின் குரலேதான். “பாவம், அம்மா இன்னொரு சுத்து போகட்டும்.”

அவன் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தான். எல்லாப் பிள்ளைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொத்தானும் அமுங்கவில்லை.

காதுக்கருவியில் சபரீஷ் கூப்பிட்டான். “அண்ணா, ஓவியாக்கா மூஞ்சி ரத்தமா செவந்திருக்குதுண்ணா. நில்லுங்கன்னா கேக்கல. சிரிச்சுக்கிட்டே ஓடறாங்க.”

மகிழனின் கை மீட்பு விசையின் மேல் போய் நின்றது.