சபேசனின் பூட்டுமுகம்

மேகலா பேச ஆரம்பித்ததும் சபேசன் வழக்கம்போல முகத்தைப் பூட்டினான்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பின்மண்டையில் மூளைச்சில்லு பொருத்திக்கொண்ட எல்லாரும் செய்வதுதான். ஆள் உள்ளே போய் கிரிக்கெட் பார்ப்பான். வெளியே உடம்பைப் பூட்டுமுகம் கவனித்துக்கொள்ளும். லேசான புன்னகை, அவ்வப்போது ஒரு தலையாட்டல். நெற்றியில் மட்டும் சின்னதாக ஒரு நீலப் பூட்டு ஒளிரும். ஆள் இல்லை என்று அர்த்தம்.

திரும்பி வந்தபோது மேகலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆட்டம் முடிஞ்சுதா?"

"இல்ல மேகி, சும்மா ஒரு நிமிஷம்..."

"நிலாப் பண்ணையில எனக்கு வேலை வந்திருக்கு. போகவா வேணாமான்னு உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். இன்னொரு தடவை அந்த நீலப் பூட்டைப் பார்த்தேன்னா, கேக்கவே மாட்டேன். கிளம்பிடுவேன்."

சொன்னால் செய்கிறவள்.

ஆபீசில் நண்பன் பீட்டர் துரையிடம் சபேசன் புலம்பினான்.

"பூட்டறதை விட்டுத் தொலையேன்டா."

"அது முடியாதுடா."

"அப்ப பூட்டை மறைச்சுடு."

பூட்டுமுகத்தில் கைவைக்கச் சில்லுக் கம்பெனி யாரையும் விடுவதில்லை. ஆனால் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது கண்ணை மட்டும் நிதானமாகச் சிமிட்டினால் 'உள்ளமைப்பு' திறக்கும். பழுது பார்ப்பவர்களுக்கான இடம். இங்கே நடப்பதற்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று சிவப்பில் நீளமாக ஒரு எச்சரிக்கை. சபேசன் படிக்காமலே சம்மதம் சொன்னான்.

நீலப் பூட்டு போயிற்று. அடுத்து, பேச்சையும் பாவனையையும் எந்தப் பழைய பதிவிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று சில்லு கேட்டது.

"நீ மேகலாகிட்ட ஒழுங்கா பேசின பதிவு ஏதாச்சும் இருக்கா?" என்றான் பீட்டர்.

சபேசன் வெகுநேரம் யோசித்தான். "நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல போன்ல பேசினது இருக்கு."

"ஆகா! அதைப் போடு."

வீட்டில் அமைதி திரும்பியது. சபேசன் உள்ளே ஒரு தொடர் முழுவதையும் பார்த்து முடித்தான். ஒவ்வொரு சாயங்காலமும் வெளியே வரும்போது மேகலா சிரித்துக்கொண்டிருப்பாள். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். ஏன் என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அவன் கேட்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தான். பால்கனி வாசலில் பெட்டி.

"எங்க கிளம்பிட்டே?"

"நிலாவுக்கு."

"என்ன திடீர்னு?"

"திடீர்னா? தினமும் இதைத்தானே பேசினோம்! பயப்படாதே, நானும் கூட வரேன்னு சொன்னீங்களே."

சபேசன் உடைந்தான். "அது நான் இல்ல மேகி! பூட்டுமுகம். பூட்டை மறைச்சுட்டேன். தப்புதான், போயிடாதே."

"தெரியும்" என்றாள் மேகலா, பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டே. "ரெண்டாவது நாளே தெரியும். சாப்பிட்டியான்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தீங்க."

"தெரிஞ்சுமா பேசினே?"

"நான் கழுத்தை நீட்டினது அன்னிக்குப் போன்ல பேசின அவருக்குத்தானே? அவரை ஒரு பிரதி எடுத்து என் சில்லுல ஏத்திக்கிட்டேன். கூட வரீங்களான்னு கேட்டேன், உடனே சரின்னார்."

வான்வண்டி பால்கனியை ஒட்டி வந்து நின்றது. ஏறும்போதே அவள் யாருடனோ பேச ஆரம்பித்திருந்தாள். நடுவில் நிறுத்தி, பதிலைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். வண்டி கிளம்பியது.

சபேசன் சோபாவில் உட்கார்ந்தான். அப்படி என்னதான் பேசியிருப்பார்கள்? பூட்டியிருந்த நேரத்துப் பேச்சையெல்லாம் சில்லு பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தது. கண் கலங்க, முதல் பதிவைத் திறந்தான். மேகலாவின் குரல் தயங்கித் தயங்கித் தொடங்கியது.

கொஞ்சம் நீளமாக இருந்தது. இரட்டை வேகத்தில் வைத்தான்.