நண்டு போட்ட முடிச்சு

நண்டு ஒரு முடிச்சுப் போட்டால் அதை அவிழ்க்கிற ஆள் அந்தக் காட்டில் இல்லை. போட்ட நண்டாலேயே முடியாது.

ஒருமுறை சுரைக்குடுக்கையில் தேனை ஊற்றி, வாயைக் கட்டச் சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். கட்டினாள். கடைசியில் குடுக்கையை உடைத்து, தரையில் வழிந்த தேனை எறும்புகளோடு போட்டி போட்டு நக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு வைத்த பெயர்தான் நண்டு. பிடித்தால் விடாதாம்.

"இவ கையில மட்டும் கயிறு கொடுக்காதீங்க" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

எல்லோரும் என்றால் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. மரத்தடியில் வட்டமாகச் சில இலைக் குடிசைகள், அவ்வளவுதான். உழுவது, விதைப்பது, மாடு வளர்ப்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. கிழங்கு தோண்டுவார்கள், பழம் பறிப்பார்கள், மான் பிடிப்பார்கள். ஓர் இடத்தில் கிழங்கு தீர்ந்தால் குடிசையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள்.

மான் பிடிப்பது தனி ஆள் வேலை இல்லை. குடும்பத்துக்கு ஒரு வலை உண்டு. மரநாரை முறுக்கி, மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னியது. இடுப்பு உயரம் இருக்கும். வலைகளைப் புதர்களில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒன்றின் நுனியை அடுத்ததன் நுனியோடு முடிந்துவிடுவார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பெண்களும் பிள்ளைகளும் கூச்சல் போட்டுக்கொண்டு வருவார்கள். மான் பயந்து ஓடி வலையில் விழும். ஒரே ஒரு வலையை வைத்தால் மான் சுற்றிக்கொண்டு போய்விடும். அதற்கும் கண் இருக்கிறதல்லவா?

யார் வலையில் மான் விழுகிறதோ, அவர் பங்கு போடுவார். எல்லோருக்கும் பங்கு உண்டு. வயிற்றுவலி என்று குடிசையில் படுத்திருந்தவனுக்கும் உண்டு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாமாவும் சித்தப்பாவும் சண்டை போட்டார்கள்.

மாமா அம்மாவின் அண்ணன். சித்தப்பா அப்பாவின் தம்பி. எப்போதும் ஒன்றாகவே திரிந்தவர்கள். "மச்சான், மச்சான்" என்று அவர்கள் கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டு மற்றவர்களுக்குக் காது புளித்துப்போகும். ஒருநாள் இருவரும் ஒரு பெரிய தேன்கூட்டைக் கண்டார்கள்.

"நான்தான் முதல்ல பார்த்தேன்" என்றார் மாமா.

"நான் கை காட்டினதுக்கு அப்புறம்தானே நீ பார்த்தே" என்றார் சித்தப்பா.

மரத்தடியில் நின்று இருவரும் கத்திக்கொண்டிருக்க, ஒரு கரடி பின்பக்கமாக ஏறி, தேனை முழுவதும் தின்றுவிட்டு, நிதானமாக இறங்கிப் போனது. கரடியின் மேல் அவர்களுக்குக் கோபமே வரவில்லை. ஒருவர் மேல் ஒருவருக்குத்தான் வந்தது. அன்றோடு "மச்சான்" நின்றது. அதற்குப் பிறகு பேச்செல்லாம் நண்டு வழியாகத்தான்.

"நண்டு, உங்க சித்தப்பாவைத் தள்ளி உட்காரச் சொல்லு. புகை அடிக்குது."

"நண்டு, புகை நெருப்புல இருந்து வருது, என்கிட்ட இருந்து வரலன்னு உங்க மாமாகிட்ட சொல்லு."

இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி நண்டுக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அப்பாவோ, "ரெண்டு பேருமே எனக்கு வேண்டியவங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வாய் நிறையக் கிழங்கைப் போட்டுக்கொள்வார்.

அந்தச் சண்டைக்குப் பிறகு மானும் அகப்படவில்லை. வலை வைப்பார்கள், கூச்சல் போடுவார்கள், மான் பாய்ந்து ஓடும் சத்தம் கேட்கும். வந்து பார்த்தால் வலையில் ஒரு சருகுதான் ஆடிக்கொண்டிருக்கும்.

"மானுக்குப் புத்தி வந்துடுச்சு" என்றார் அப்பா.

ஒருநாள் மாலை மாமா எழுந்து நின்றார். "நாளைக்கும் ஒண்ணும் கிடைக்கலைன்னா, நான் மலைப்பக்கம் போயிடுவேன். வர்றவங்க என்னோட வரலாம்."

"நண்டு, நான் ஆத்துப்பக்கம் போறேன்னு உங்க மாமாகிட்ட சொல்லிடு" என்றார் சித்தப்பா.

நண்டுக்குப் பக்கத்தில் மாமா மகள் வாயாடி உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தினால் இலை உதிரும். மானை விரட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அந்த வாயாடி இப்போது மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நீ எந்தப் பக்கம்டி?"

நண்டுக்கு மாமாவும் வேண்டும், சித்தப்பாவும் வேண்டும். வாயாடி இல்லாமல் யாரோடு மரம் ஏறுவது? அதுவும் போகட்டும். பாதி வலையை வைத்துக்கொண்டு இவர்கள் மலையில் என்ன பிடிப்பார்கள், ஆற்றில் என்ன பிடிப்பார்கள்? தவளையா?

பெரியவர்கள் காரணம் சொன்னால் நண்டு தலையாட்டுவாள். பிறகு போய்ப் பார்ப்பாள். மானுக்குப் புத்தி வந்துவிட்டது என்பதை அவள் நம்பவில்லை.

"எழுந்திருடி. இருட்டுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

அன்று வலை வைத்த இடத்துக்கு இருவரும் ஓடினார்கள். ஈரமண்ணில் குளம்புத் தடங்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. மான் வேகமாக வந்திருக்கிறது. வலை வரிசையைத் தாண்டியும் போயிருக்கிறது.

"தாவிக் குதிச்சுருக்குமோ?" என்றாள் வாயாடி.

"குதிச்சா மண்ணு சிதறும். இது ஓடியிருக்கு. இந்தப் புதர்ல யாரு வலை?"

"எங்கப்பாவோடது."

"அந்தப் புதர்ல?"

"உங்க சித்தப்பாவோடது."

நண்டு நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். சரியாக அவள் கை அகலத்துக்கு வழி. வலைகளின் வரிசையை அவர்கள் ஒருபோதும் மாற்றுவதில்லை. ஆகவே சண்டைக்குப் பிறகும் இருவரின் வலைகளும் பக்கத்தில் பக்கத்தில்தான். ஆனால் முடிச்சு மட்டும் போடவில்லை. மாமா தன் வலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துக் கட்டியிருக்கிறார். சித்தப்பா இந்தப் பக்கம். வேட்டை நேரத்தில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு வலையின் மறுகோடியில் நின்றிருக்கிறார்கள். புதர் மறைப்பதால் மற்றவர்களுக்கும் தெரியவில்லை. மானுக்குத் தெரிந்திருக்கிறது.

நண்டு நேராக மாமாவிடம் போனாள். "மாமா, உங்க வலைக்கும் சித்தப்பா வலைக்கும் நடுவுல மான் போற வழி இருக்கு."

"அதை அந்த ஆளுகிட்ட சொல்லு. அவரு வந்து முடிச்சுப் போடட்டும்."

சித்தப்பாவிடம் போனாள்.

"ஏன், உங்க மாமாவுக்குக் கை இல்லையா?" என்றார் அவர்.

இருவருக்கும் கை இருந்தது. நீட்டத்தான் மனம் இல்லை. சரி, எனக்கும் இரண்டு கை இருக்கிறது என்று நண்டு முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அம்மா குடிசைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "என் கிழங்குப் பை எங்கடி?"

"பார்த்தேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நண்டு காட்டுக்குள் மறைந்தாள். அது பொய் இல்லை. பையை அவள்தான் தோளில் போட்டிருந்தாள். நாரில் வலைபோலப் பின்னிய பெரிய பை. பக்கவாட்டில் பிரித்துவிட்டால் நல்ல அகலம் வரும்.

வலைகள் கட்டி முடிந்தன. மாமாவும் சித்தப்பாவும் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு கோடியில் நின்றார்கள். நண்டு புதருக்கடியில் ஊர்ந்து வந்தாள். பிரித்த பையின் ஒரு பக்கத்தை மாமாவின் வலையோடு முடிந்தாள். மறுபக்கத்தைச் சித்தப்பாவின் வலையோடு முடிந்தாள். மேலே, நடுவில், கீழே. பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.

தூரத்தில் கூச்சல் எழுந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே வாயாடியின் குரல் கேட்டது. புதர்கள் சரசரத்தன. பெரிய மான் ஒன்று, பழகிய பாதையில் போவதுபோல நேராக அந்த வழிக்கே வந்தது.

பொத்தென்று பையில் விழுந்தது!

மான் உதைத்தது. வலைகள் இரண்டும் குலுங்கின. முடிச்சு அசையவில்லை.

"மாமா! சித்தப்பா! ஓடி வாங்க!"

இருவரும் இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்தார்கள். முதலில் இருவரின் மண்டைகளும் டொக்கென்று மோதிக்கொண்டன. பிறகுதான் மானைப் பிடித்தார்கள்.

எல்லோரும் ஓடி வந்து சேர்ந்தார்கள்.

"என் வலைதான் தாங்கிச்சு" என்றார் மாமா, நெற்றியைத் தடவிக்கொண்டு.

"நண்டு, தாங்கினது என் வலைன்னு சொல்லு" என்றார் சித்தப்பா, அவரும் தடவிக்கொண்டு.

"ரெண்டும் இல்ல" என்று அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அது என் கிழங்குப் பை. அடியே, அதைப் போய்ப் பிரிச்சுட்டியா?" கையை ஓங்கியவள், மானைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டாள். "பை என்னுது. கட்டினது இவ. இவளே பங்கு போடட்டும்."

நண்டு நன்றாகவே பங்கு போட்டாள். வாயாடிக்கு ஒரு துண்டு பெரிதாகப் போயிற்று. அதை யாரும் கேட்கவில்லை. ஒரு தொடையை மாமாவின் கையில் கொடுத்து, "இது சித்தப்பாவுக்கு" என்றாள். இன்னொரு தொடையைச் சித்தப்பாவிடம் கொடுத்து, "இது மாமாவுக்கு" என்றாள். தன் பங்கு எதிராளியின் கையில் இருப்பதை இருவரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. பிறகு பசி வென்றது. சட்டென்று மாற்றிக்கொண்டார்கள்.

வீடு திரும்ப வலையைச் சுருட்ட வேண்டுமே? மாமா ஒரு முடிச்சில் நகத்தை வைத்தார். சித்தப்பா இன்னொன்றில் பல்லை வைத்தார். நகம்தான் உடைந்தது.

"அறுத்துடலாம்" என்று மாமா கத்தியை எடுத்தார்.

"ஐயோ, வேண்டாம்!" என்று சித்தப்பா அவர் கையைப் பிடித்தார். "வலை பிரிஞ்சு போயிடும்!"

வேறு வழி இல்லை. இரண்டு வலையையும் நடுவிலிருந்த பையையும் சேர்த்து ஒரே மூட்டையாகச் சுருட்டினார்கள். முன்னால் மாமா தோள் கொடுத்தார். பின்னால் சித்தப்பா தோள் கொடுத்தார். அவர்களுக்குப் பின்னால் நண்டும் வாயாடியும் கறியைச் சுமந்துகொண்டு நடந்தார்கள்.

பாதி வழியில் சித்தப்பா, "நண்டு..." என்று ஆரம்பித்தார். இருமல் வந்ததுபோல் நிறுத்தினார்.

"என்ன சித்தப்பா? மாமாகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் வேண்டாம், நீ நட" என்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டார். "மச்சான், கொஞ்சம் மெதுவாப் போ. கால்ல முள்ளு."

"சொன்னாத்தானே தெரியும் மச்சான்" என்று மாமா நின்றார்.

நண்டு கழுத்தை ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம்கூட வலிக்கவில்லை.