தெளிசெவிக்குக் கேட்காத பிள்ளை

தெளிசெவி இறங்கிய அன்று தூத்துக்குடிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் நாகரிகமாகிப் போனார்கள். மீன் ஏலக் கூடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவரின் குரல், மறுமுனையில் ஏதோ குளிரூட்டிய அறையிலிருந்து வருவது போல வந்தது. லாரி இல்லை, காக்கா இல்லை, பக்கத்து வீட்டு மிக்ஸி இல்லை. பேசுகிறவரின் சொல் மட்டும், கழுவித் துடைத்து எடுத்த மாதிரி.

எல்லாம் 'தோழன்' செய்த வேலை. உலகத்தில் பாதிக் கைப்பேசிகளை ஓட்டிக்கொண்டிருந்த இயங்குதளம் அது. அதன் புதுப் பதிப்பான தெளிசெவி ஒரு விடியலில் தானாக இறங்கியது; யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'அன்புக்குரியவர்களை இனித் தெளிவாகக் கேளுங்கள்' என்று திரையில் ஒரு வாசகம் வந்து போனது, அவ்வளவுதான். பழைய பதிப்புக்குத் திரும்ப வழி கிடையாது. அப்படியே திரும்பினாலும் செல்போன் கோபுரம் எதுவும் அந்தக் கைப்பேசியைச் சேர்த்துக்கொள்ளாது.

ஊர் இரண்டுபட்டது. சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு வகுப்பில் இருப்பதாகச் சொன்ன பையன்கள் தோழன் நிறுவனத்தை வாழ்த்தினார்கள். அவர்களுடைய அம்மாக்கள் சபித்தார்கள். கூட்டத்தின் சத்தத்தை வைத்தே விலை எங்கே போகும் என்று மோப்பம் பிடித்த வெளியூர் மீன் வியாபாரிகள், குருட்டாம்போக்கில் ஏலம் கேட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் கணவரை உடைய பவுலின் மட்டும் வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

"இத்தன வருஷமா அந்த மெஷின் எரைச்சல்ல இந்த மனுஷன் என்ன சொல்லுதாருன்னே தெரியாம 'ம்ம்', 'ம்ம்'னுக்கிட்டு இருந்தேன். இப்பதான் தெரியுது, அம்புட்டும் கொழம்புல உப்பு பத்தலங்கிற கததான்!"

பவுலினின் தம்பி கிளாட்வின். அவன் மனைவிதான் பெல்சியா. நாத்தனார் சொன்னதைக் கேட்டு அன்று காலையில் அவளும் சிரித்தாள். சாயங்காலம் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

கிளாட்வின் கப்பல்காரன். இரும்புத் தாது ஏற்றிப் போகும் பெரிய கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. முன்பு இருபது முப்பது பேர் பார்த்த வேலையை இப்போது இயந்திரங்கள் பார்த்துக்கொள்ள, அவ்வளவு பெரிய கப்பலில் மனிதர்கள் என்று ஐந்து பேர். ஒரு தடவை ஏறினால் வீடு திரும்ப முக்கால் வருஷம் ஆகிவிடும். நடுக்கடலில் ஊழியர்களுக்குப் படம் பார்த்துப் பேச அனுமதி கிடையாது; குரல் மட்டும். அந்தக் குரலுக்காக வீட்டில் ஒரு ஜீவன் தினமும் காத்திருக்கும்.

அக்ஸிலியா, அவர்களுடைய ஒரே மகள். வயது பதினொன்று. காது நன்றாகக் கேட்கும், சொன்னது எல்லாம் புரியும். நாக்கும் உதடும் மட்டும் பிறவியிலேயே அவள் பேச்சைக் கேட்காது. சொல் வராது, சத்தம்தான் வரும். சின்னப் பிள்ளையில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக் கடற்கரைக்குப் போன கிளாட்வின், கப்பல் ஹாரன் அடித்ததும் அதே மாதிரி வாயைக் குவித்து "பூஊஊம்" என்றான். தோளுக்கு மேலே இருந்து "பூம் பூம்" என்று பதில் வந்தது. மனுஷன் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அன்றிலிருந்து அதுதான் அப்பனுக்கும் மகளுக்கும் பாஷை. அவன் நீளமாக ஒன்று அடிப்பான். அவள் குட்டையாக இரண்டு அடிப்பாள். இரண்டும் துள்ளி வந்தால் சந்தோஷம். மூக்கால் வந்தால் அம்மாவோடு சண்டை. அடித்தொண்டையில் உடைந்து வந்தால் உடம்புக்கு முடியவில்லை. ஒருமுறை எங்கேயோ ஆப்பிரிக்கக் கரையோரம் இருந்துகொண்டே, "ஏ பெல்சி, புள்ளைக்குக் காய்ச்சல் வரப்போவுது, தொட்டுப் பாரு" என்றான். தொட்டால் சுட்டது.

அன்று சாயங்காலம் அழைப்பு வந்தது. அக்ஸிலியா ஓடி வந்து மேஜைமேல் இருந்த கைப்பேசியின் முன்னால் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஏங்க, அடிங்க. காத்துக்கிட்டு இருக்கா."

கைப்பேசியில் ஒன்றும் வரவில்லை.

"அடிங்கன்னா."

"அடிச்சிட்டேனே, பெல்சி. ரெண்டு தடவ அடிச்சிட்டேன். அவ ஏன் பதில் சொல்ல மாட்டேங்கா?"

அக்ஸிலியா பொறுமை இழந்து தானே "பூம் பூம்" என்றாள்.

"கேட்டிச்சா?" என்றாள் பெல்சியா.

"என்னது கேட்டிச்சா?"

தெளிசெவியின் கணக்கு ரொம்ப எளிது. சொல் என்றால் குரல். சொல்லாக இல்லாத எதுவும் இரைச்சல். லாரி ஹாரனும் மகளின் ஹாரனும் அதற்கு ஒன்றுதான். இரண்டையும் பெருக்கித் தள்ளிவிட்டது. கிளாட்வினின் "பூஊஊம்" கப்பலை விட்டே வெளியே வரவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கைப்பேசியை மகளின் வாயோடு ஒட்டிவைத்தாள் பெல்சியா. பதிவு செய்து அனுப்பினாள். பதிவு வெறுமையாகப் போய்ச் சேர்ந்தது. பவுலினின் கைப்பேசியிலும் அதே கதைதான்.

"அப்பா அடிச்சாங்க மக்கா, இந்த எழவுக்குத்தான் கேக்கல" என்று மகளுக்குச் சொல்லிப் பார்த்தாள். அக்ஸிலியா கைப்பேசியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அப்பா குரல் வருகிறது, அம்மாவோடு பேசுகிறது, தனக்கு மட்டும் ஹாரன் வரவில்லை. இதை அந்தப் பிள்ளை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? கொஞ்ச நாளில் மேஜைக்கு வருவதையே விட்டுவிட்டாள். அழைப்பு வந்தால் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

நிறுவனத்திடம் முறையிட்டாள். அங்கே மனிதர் யாரும் இல்லை. ஒரு இனிமையான குரல், குறை என்ன வகை என்று சில தேர்வுகளை வாசித்தது. சத்தம் காணாமல் போவதற்கு அதில் இடமே இல்லை. இருந்ததில் பக்கத்தில் வந்தது, 'மறுமுனையில் பேசுவது கேட்கவில்லை' என்பதுதான். பெல்சியா யோசிக்கவே இல்லை. அவளுக்கு அக்ஸிலியா போடும் சத்தம் எந்தக் காலத்திலும் பேச்சுத்தானே?

"ஆமா, அதான். எம்புள்ள பேசுதது அவ அப்பாவுக்குக் கேக்க மாட்டேங்குது. கேக்கும்படியா செஞ்சு குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது" என்றது குரல்.

மழைக்காலம் முடிந்து அடுத்த பதிப்பு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, நிறுவனத்துக்காரன் கேட்டதைச் செய்துதான் கொடுத்தான். அதன் பெயர் நிறைசொல். திக்குகிறவர்கள், வாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்டவர்கள், பேச வராதவர்கள் போடும் சத்தத்தையும், அவர்கள் தயங்கி நிற்கும் இடைவெளியையும் வைத்து, அவர்கள் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, அவர்கள் வயதுக்கும் குரலுக்கும் பொருத்தமாகச் சொற்களை நிரப்பிவிடும்.

இதற்கும் ஊர் இரண்டுபட்டது. படுக்கையில் கிடந்த ஒரு வாத்தியார் வெளிநாட்டு மகனிடம் ஒரு மணி நேரம் பேசினார் என்று தெருவே கண்ணீர் விட்டது. கோபத்தில் வார்த்தை வராமல் நின்ற ஏலக்காரர் ஒருவருக்கோ, கைப்பேசியே 'தங்கள் விருப்பப்படி செய்யுங்கள்' என்று நிரப்பிவிட, மொத்த மீனும் அடிமாட்டு விலைக்குப் போனது.

அன்றைக்கு அக்ஸிலியாவுக்குக் காது வலி. காலையிலிருந்து சாப்பிடவில்லை. அழைப்பு வந்தபோது, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று பெல்சியா அவளை இழுத்துவந்து மேஜை முன்னால் நிறுத்தினாள். பிள்ளை அடித்தொண்டையில், உடைந்து, "பூ... ம்" என்றாள்.

மறுமுனையில் ஒரு அலறல்.

"பெல்சி! ஏ பெல்சி! கேட்டியா? அப்பான்னுட்டா! எம்புள்ள என்னைய அப்பான்னு கூப்பிட்டுட்டா!"

பெல்சியாவுக்குப் புல்லரித்தது. உடனே மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொன்னா?"

"'அப்பா, நான் நல்லா இருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களா'ங்கா! என்ன அழகான கொரலு, யாத்தே!"

"ஏங்க, அவளுக்குக் காது வலிங்க. காலையில இருந்து தண்ணி கூடக் குடிக்கல. அதத்தான் சொன்னா. நீங்க கேட்டிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"இல்லட்டி, நல்லா இருக்கேன்னுதான் சொன்னா."

"அது சொல்லுச்சு. அவ சொல்லல."

கிளாட்வினின் குரல் தழுதழுத்தது.

"தெரியும், பெல்சி. நான் என்ன முட்டாளா? இங்க அஞ்சு பேரு. நாலு பேரும் அவனவன் அறையில காதுல மாட்டிக்கிட்டுக் கெடக்கானுவோ. நாள் பூரா மெஷின் மூஞ்சியத்தான் பாக்குதேன். பொய்யாவே இருந்துட்டுப் போவுது. பதினோரு வருஷம் கழிச்சு ஒரு புள்ள அப்பான்னு கூப்பிடுது. அதக் கெடுத்துடாத, உனக்குக் கோடிப் புண்ணியம்."

அழுகிற மனுஷனிடம் என்ன சொல்வாள்? "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வுக்காகப் பின்னால் தன்னையே எத்தனை தடவை திட்டிக்கொண்டாள்! கேட்டது அவள்தானே? பேசுவது கேட்கும்படி செய்யுங்கள் என்று கேட்டாள், பேச்சைக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் அப்பனும் மகளும் பேசினார்கள். அவன் கேள்வி கேட்பான், சிரிப்பான், கதை சொல்லுவான். அக்ஸிலியா மேஜை முன்னால் ஹாரனுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் மறந்தும் அடிக்கவில்லை. சொல் இருக்கும்போது ஹாரன் எதற்கு?

'வந்தா சரியாயிடும்' என்று பெல்சியா மனதைத் தேற்றிக்கொண்டாள். நேரில் நின்றால் இந்தக் கருவி எதற்கு? வாசலில் கால் வைத்ததும் ஹாரன் அடிப்பான், இவள் பதில் அடிப்பாள், கதை முடிந்தது. அந்த ஒரு நினைப்பில்தான் நாளைத் தள்ளினாள்.

கிளாட்வின் வந்தான். நடுப்பகல். வண்டிச் சத்தம் கேட்டதும் அக்ஸிலியா சாப்பாட்டுக் கையோடு வாசலுக்கு ஓடினாள். அவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவளை வாரி அணைத்துக்கொண்டான். கன்னமெல்லாம் சோற்றுப் பருக்கை. பவுலின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்ஸிலியா அவன் பிடியிலிருந்து விலகி, ஒரு எட்டுப் பின்னால் போய், நெஞ்சை நிமிர்த்தி அடித்தாள்.

"பூம் பூம்!"

துள்ளல் என்றால் அப்படி ஒரு துள்ளல். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். பெல்சியா மூச்சைப் பிடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தான்.

"இரு மக்கா, இரு. இதுல பேசு. பக்கத்துல நிக்கவங்களுக்கும் இது வேல செய்யும்" என்று பிள்ளையின் வாய்க்கு நேராக நீட்டினான்.

அக்ஸிலியா அதைப் பார்த்தாள். அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு ஞாபகப்படுத்த, இதுவரை அவள் அடித்தே இராத ஹாரனை, அவனுடைய ஹாரனை, வாயைக் குவித்து நீளமாக அடித்தாள்.

"பூஊஊஊம்."

அடித்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கண் கைப்பேசியில் இருந்தது.

"வாங்க அப்பா! பிரயாணம் நல்லா இருந்துச்சா?" என்றது அது. கிளிக்குரல். எந்த அப்பனும் மயங்கிப் போவான்.

"இருந்துச்சும்மா, இருந்துச்சு!" அவனுக்குக் கண்ணீர் வழிந்தது. "அப்பாவத் தேடுனியா?"

அக்ஸிலியா இன்னொரு தடவை வாயைக் குவித்தாள். என்ன நினைத்தாளோ, குவித்த வாயை மூடிக்கொண்டாள். பார்வை மெல்ல இறங்கித் தரைக்குப் போனது.

"ரொம்பத் தேடினேன் அப்பா. நீங்க இல்லாம வீடே நல்லா இல்ல" என்றது கைப்பேசி.

பெல்சியா ஓடிவந்து கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, இங்க பாருங்க. அவ மூஞ்சியப் பாருங்க. வாய மூடிக்கிட்டுல்ல நிக்கா."

கிளாட்வின் கைப்பேசியைக் காதுக்குக் கிட்டே கொண்டுபோய், மற்றக் கையால் அவளை விலக்கினான்.

"செத்த சும்மா இரு, பெல்சி. புள்ள பேசுதால்ல."