மையில் மறையாத விரல்

பெரு நாட்டின் ஆயகுச்சோ பல்கலைக்கழகத் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகத் தொடங்கியதும் ஆசிரியை நெலிடா தன் மழைக்கோட்டைக் கழற்றி நுண்ணோக்கியின் மேல் வீசினாள். வாசலில் நனைந்தபடி யாரோ ஒருவன்.

"வேடிக்கை பாக்காம அந்தப் பக்கம் பிடிங்க. இது நனைஞ்சா ஆயகுச்சோவுல ஒரு தோட்டாவும் இனி வாய் திறக்காது."

பிடித்தான். மேசையை உலர்ந்த மூலைக்கு நகர்த்தியபோது மாணவர்கள் விட்டுப்போன ரேகை மையில் அவன் விரல் பட்டது. அடுத்து கண்ணாடிப் பலகையில். நெலிடா பழக்கதோஷத்தில் அந்த ரேகையை ஒட்டுநாடாவில் எடுத்து அட்டையில் ஒட்டினாள்.

"பேரு?"

"எஃப்ராயின்."

"தொழில்?"

"லிமாவுல இன்ஜினியர்..." சிரிப்பை அடக்கியதில் அவன் கண்கள் சுருங்கின. இமையில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது. "உங்க லேபுக்குக் கருவி குடுக்கலாமான்னு பாக்க வந்த மூணு பேர்ல ஒருத்தன். மத்த ரெண்டு பேரும் மழை விடட்டும்னு கார்ல இருக்காங்க."

நெலிடாவுக்குக் காது சுட்டது.

நிதி கிடைக்காவிட்டால் தடய அறிவியல் பிரிவில் அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கை இல்லை. இருக்கும் ஒரே நுண்ணோக்கிக்கு வயது நாற்பது, லென்ஸில் பூஞ்சை. பதினெட்டுப் பேர் இரண்டு தோட்டாக்களை ஒப்பிட்டுப் பார்க்காமலே பட்டம் வாங்கப்போகிறார்கள். எல்லாவற்றையும் சொன்னாள். காரிலிருந்து வந்த இருவரும் கேள்வி கேட்டார்கள். எஃப்ராயின் ஒன்றும் கேட்கவில்லை. அவள் நீட்டிய சூடான சாக்லேட்டைத் தொடாமல், விடைபெறாமல் போனான்.

லிமாக்காரன், தலைநகரத் திமிர்... அட்டையைக் குப்பையில் போட இரண்டு முறை கை போனது. போடவில்லை.

மார்ச்சில் கடிதம் வந்தது. நிதி உண்டு, ஆதரவு இரண்டு ஓட்டு. மூன்றாமவர் விலகிக்கொண்டார். கூடவே விலகல் படிவத்தின் நகல். பெயரும் கையெழுத்தும் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. காரணம் மட்டும் தெரிந்தது: விண்ணப்பித்தவர் மேல் சொந்த ஈடுபாடு.

விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்கள் இரண்டே பேர்: அவளும், அறுபத்தெட்டு வயது டீனும். டீன் மீசையைத் தடவிக்கொண்டு, "நானா இருக்காதும்மா" என்றார்.

அங்கே எல்லாப் படிவங்களிலும் இருப்பதுபோல கையெழுத்துக்குப் பக்கத்தில் விரல் ரேகை. அது மட்டும் அழியவில்லை.

நெலிடா உருப்பெருக்கியை எடுத்தாள். மேசை இழுப்பறையிலிருந்த அட்டையையும். ஒன்று, இரண்டு, மூன்று... நீதிமன்றத்துக்குப் பன்னிரண்டு பொருத்தங்கள் போதும். அவள் பதினேழு வரை எண்ணினாள். பிறகுதான் படிவத்தின் தேதியைப் பார்த்தாள். அதே மழை நாள்.

சொந்த ஈடுபாடு உள்ளவர் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது என்பது விதி. அந்தச் சாக்லேட்...

கடிதத்திலிருந்த லிமா எண்ணை அழைத்து எஃப்ராயினைக் கேட்டாள்.

"உங்க ஆபீஸ்ல வேலை தெரியல, இன்ஜினியர். பேரை அழிச்சவங்க விரலை விட்டுட்டாங்க."



"அவங்க ரெண்டையும்தான் அழிக்க வந்தாங்க, மிஸ்... விரலை விடச் சொன்னது நான்."